நெல் காயும் வீதியில் ஒரு கைப்பிரேக்

விழுந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. விழுவதற்கும் ஒரு வேகம் வேண்டாமா? நான் விழுந்தது மாடு நடக்கிற வேகத்தில். பட்டப்பகல், நேரான வீதி, எதிரே ஒரு வாகனமும் இல்லை. போதாததற்குப் பின்னால் என் கணவரும் இருந்தார்.

மோட்டார் சைக்கிள் அவருடையதுதான். கியர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள். இத்தனை வருடமும் அவர் முன்னால் இருந்து ஓட, நான் பின்னால் ஒரு பக்கமாகக் காலைப் போட்டுக்கொண்டு இருந்தவள். பிறகு சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், அவருடைய கண்ணில் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்த ஒரு நாள், ஆனையிறவு தாண்டும்போது யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார். "உப்பளம் வெள்ளையாத் தெரியுது. ஆனா அது உப்போ வெயிலோ எண்டு தெரியேல்ல," என்றார். பஸ் பரந்தன் வந்து சேர்ந்தது. பிறகு, "இனி நான் ஓட ஏலாது. நீர் பழகும்," என்றார்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சைக்கிள் என்றால் சின்ன வயதிலிருந்து ஓடியவள். சந்தைக்கு, கடைக்கு, பிள்ளைகளை ஏற்றி இறக்க, எல்லாம் சைக்கிளில்தான். மோட்டார் சைக்கிள் அப்படியா? முதல் நாள் கோயில் வீதியில் அதை மூன்று தரம் உதைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் வேப்பமர நிழலில் ஒரு கதிரையைப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். நான் எங்கே போகிறேன் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காது கூர்மை. "எஞ்சின் அழுகுது, கியரை மாத்தும்," என்று அங்கிருந்தே கத்துவார். "கிளச்சைப் பாதியில விட்டிட்டீர்!" என்பார். கண் தெரியாத மனிதரை ஏமாற்றலாம் என்று நினைத்தால், அதுவும் முடியாது.

எப்படியோ பழகி, லைசென்சும் எடுத்துவிட்டேன். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனபோது சனத்துக்கு நல்ல பகிடி. விசுவமடுச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர், "என்ன ஐயா, பின் சீற்றுக்கு வந்திட்டியள்?" என்று கேட்டார். "முன் சீற்றில இருந்தால் வேலை செய்யவேணும். இதில இருந்தால் அதிகாரம் மட்டும்தான்," என்று இவர் சொன்னார். அது உண்மைதான். அதிகாரம் தாங்க முடியாமல் இருந்தது.

"பள்ளம்!" என்பார். பள்ளம் இருக்காது. "ஹோர்ணை அடியும்!" என்பார். ஆருக்கு அடிப்பது? ஒரு நாள், "மாடு, மாடு!" என்று என் தோளில் குத்தினார். பார்த்தால் வீதியோரத்தில் கவிழ்த்து வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. "உந்த மாடு பால் தராது, பேசாம இருங்கோ," என்றேன். சிரித்தார், ஆனால் அடுத்த வளைவில் மறுபடி தொடங்கிவிட்டார். ஒரு பக்கம் கோபம் வரும். மறுபக்கம், பாவம், இத்தனை வருடம் வீதியைப் பார்த்து ஓடிய மனிதர், இப்போது மங்கலுக்குள் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றும் நினைப்பேன்.

இவ்வளவு கரைச்சலுக்கும் நான் ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன் என்றால், வயலுக்காகத்தான். எங்கள் வயல் குளத்துக்கு அந்தப் பக்கம். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியை வெட்டித் திருத்திய வயல். வீட்டில் அவர் கதிரையில் முட்டுவார், குசினிப் படியில் தடக்குவார், தண்ணீர்ச் செம்பைத் தட்டி விழுத்துவார். வயலில் இறக்கிவிட்டால் வரம்பில் கால் ஒரு தரமும் பிசகாது. நெற்கதிரைக் கையில் உருவிப் பார்ப்பார், ஒரு மணியைப் பல்லில் கடிப்பார், இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் காணாது என்பார். வீட்டில் அவர் கண் தெரியாத மனிதர். வயலில் அவர் பயிர் அறிந்த கமக்காரர். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எந்தக் கத்தலையும் பொறுத்துக்கொண்டு ஓடினேன்.

விழுந்தது ஒரு மாசி மாதத்தில். அறுவடைக் காலம். எங்கள் பக்கத்து வீதிக்குத் தார்க் காப்பெற் போட்டதால் வந்த பெரிய நன்மை, நெல் காயப்போட ஒரு நல்ல தளம் கிடைத்ததுதான். வெட்டு மெசினில் வெட்டிய ஈர நெல்லைக் கொண்டுவந்து, வீதியின் ஒரு பாதியில் நீளத்துக்குப் பரப்பி, ஓரத்துக்குக் கல்லும் முள்ளுக் கொப்பும் வைத்துவிடுவார்கள். மற்றப் பாதியால் வாகனங்கள் போகும். இங்கே ஒருவரும் நெல்லின் மேல் வாகனத்தை ஏற்றுவதில்லை. ஏற்றக்கூடாது என்று ஒரு இடத்திலும் எழுதிப்போடவும் இல்லை. நெல்லைக் கிண்டிவிட இறங்குகிறவர்கள்கூடச் செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் கால் வைப்பார்கள். சின்ன வயதிலிருந்து காலிலும் கையிலும் ஊறிப்போன பழக்கம் அது.

அன்றைக்கு ஒரு பெண் தன் நெல்லை விறாண்டியால் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். நல்ல விளைச்சல் போல, நெல் பாதி வீதியைத் தாண்டி மற்றப் பாதிக்கும் கொஞ்சம் சிந்தியிருந்தது. நான் கண்டுவிட்டேன். ஓரத்தால் எடுத்துப் போகலாம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டும் வந்தேன். பின்னாலிருந்தவருக்கு மஞ்சள் நிறம் தெரிந்தது அப்போதுதான்.

"நெல்லு! நெல்லு! ஏத்தாதையும்!"

காதுக்குள் குண்டு போட்டது போல ஒரு கத்தல். நான் கைப்பிரேக்கை அமத்தினேன். நான் அமத்தினேன் என்று சொல்வதும் சரியில்லை, கை தானாக அமத்தியது. சைக்கிள்காரியின் கை. ஆபத்து என்றால் கையால் இறுக்கிப் பிடிக்கத்தான் அதற்குத் தெரியும். காலில் ஒரு பிரேக் இருப்பது காலுக்குத் தெரியும், கைக்குத் தெரியாதே. முன் சில்லு நெல்லின் மேல் நின்றது, நின்றபடியே வழுக்கியது. அடுத்த கணம் நான் நெல்லில் கிடந்தேன். மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது.

முழங்கால் உரஞ்சிப் போயிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். மனிதர் ஹெல்மெற்றோடு முழங்காலிட்டு இருந்து, இரண்டு கையாலும் நெல்லைத் தடவிக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நெல்லு கொட்டுண்டு போச்சோ?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "அது முதலே கொட்டித்தான் கிடக்குது! கொட்டுண்டு போனது நான்!" என்று கத்தினேன்.

நெல்லுக்காரி ஓடி வந்துவிட்டாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும், தாய் தகப்பனின் பேச்சு அவளிடம் அப்படியே இருக்கிறது. "ஐயோ அக்கா, அடி கிடி பட்டுச்சா?" என்றபடி முதலில் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு இவரைப் பார்த்து, "நெல்ல விடுங்க ஐயா, மொதல்ல எந்திரிங்க," என்றாள். போத்தல் தண்ணீரை என் முழங்காலில் ஊற்றிக் கழுவிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "நெல்லு வந்துட்டா நேரா போயிரணும்க்கா. நடுவுல பிரேக் போட்டா வழுக்கி விட்டுரும். வண்டி ஏறுனா நெல்லு என்ன செத்தா போயிரும்?"

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நெல்லுக்குச் சொந்தக்காரியே அப்படிச் சொல்கிறாள், இவருக்கு மனம் கேட்கவில்லை. அவருடைய முழங்கையிலும் தோல் போயிருந்தது. வீட்டுக்கு வந்து மருந்து போடும்போதுதான் அதையும் கண்டேன்.

அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை.

முதல் நாள், "கை நோகுது, நாளைக்குப் பாப்பம்," என்றார். நாளைக்கு, "வெயில் கூடிப்போச்சு," என்றார். அதற்கு அடுத்த நாள் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு வீதிப் பக்கம் முகத்தை வைத்தபடி இருந்தார். பக்கத்து வயல்காரர் எங்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டுக் கனகாலம். நல்ல மனிதர், நெருக்க மாட்டார். வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகும்போது, "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்பார். வழக்கமாக இவர் அதற்குச் சிரிப்பார். இந்த முறை, "ஓம், யோசிப்பம்," என்றார்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது கேட்டது. அந்த வயல் போனால் இந்த மனிதருக்குக் கதிரைதான் மிச்சம். அதில் இருந்து இருந்தே முடிந்துபோவார்.

எங்கள் நெல்லும் பழுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் பிந்தி விதைத்ததால் பிந்தித்தான் வெட்ட வேண்டும். ஆனால் எப்போது வெட்டுவது? அவசரப்பட்டால் முற்றாத அரிசி. பிந்தினால் மணி உதிர்ந்துவிடும். அந்த நாளை எப்போதும் அவர்தான் சொல்வார். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. "நீர் போய் ரெண்டு கதிர் பிடுங்கிக்கொண்டு வாரும், நான் பாத்துச் சொல்லுறன்," என்றார்.

போனேன். பை நிறையக் கதிர் கொண்டுவந்து மடியில் வைத்தேன். ஒன்றைக் கடித்தார், இன்னொன்றைக் கடித்தார்.

"இது எந்தப் பக்கத்துக் கதிர்?"

"வயல் பக்கத்துக் கதிர்."

"விசர்க்கதை கதையாதையும். மேட்டுப் பக்கமோ, வாய்க்கால் பக்கமோ?"

"எல்லாத்தையும் ஒரு பைக்குள்ளதான் போட்டனான். எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவ்வளவுதான், எனக்கு வந்துவிட்டது. பையைத் தூக்கி எறியாத குறை. "அப்ப வந்து பாருங்கோ! விழுந்து முழங்கால் போனது எனக்கு. நான் அடுத்த நாளே ஏறி ஓடுறன். நீங்கள் என்ன, வெடிச்சுச் சிதறிப் போனியளோ? என்னை நம்பேல்லை எண்டால் வாயைத் திறந்து சொல்லுங்கோ. பொம்பிளை ஓடினா விழுத்துவாள் எண்டு நினைச்சால் அதையும் சொல்லுங்கோ. சும்மா கதிரையில இருந்துகொண்டு என்னைக் கொல்லாதையுங்கோ!"

அவர் கதிரின் மணிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். "நம்பாதது உம்மை இல்லை," என்றார்.

"பின்ன?"

"நீர் வடிவாத்தான் ஓடினனீர். குறைச்சுக்கொண்டும் வந்தனீர், எனக்கு எஞ்சின் சத்தத்தில தெரிஞ்சது. நான்தான் கத்தினனான். நான் கத்தாட்டி நீர் விழுந்திருக்க மாட்டீர்." கையிலிருந்த மணிகளைப் பைக்குள் போட்டார். "எனக்கு முன்னால என்ன வருது எண்டு தெரியாமல் இருக்கேக்க பயமாக் கிடக்குது. பயம் வந்தால் கத்திறன். நான் பின்னால இருந்தால் உமக்குத்தான் ஆபத்து. நாளைக்கு ஒரு லொறி வாற இடத்தில கத்தினால்?"

இத்தனை நாளும் ரோசத்தில் இருக்கிறார் என்று நினைத்து, சாப்பாட்டுக் கோப்பையை டமார் என்று வைத்துக்கொண்டிருந்தவள் நான். போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். "கத்தினது நீங்கள். பிடிச்சது என்ர கை. ரெண்டு பேரிலயும் பிழை இருக்குது. அதுக்கு ரெண்டு பேரும் பழகவேணும், ஒருத்தர் கதிரையில இருக்கிறதில்லை," என்றேன்.

அடுத்த நாள் காலை நான் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் பக்கத்தில் சரசர என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் சாப்பாட்டு நெல் மூட்டையில் ஒன்றை வாசலுக்கு வெளியே ஒழுங்கைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கவிழ்த்திருக்கிறார். செருப்பு ஓரத்தில் கிடக்கிறது. வெறுங்காலால் நெல்லைத் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா செய்யிறியள்? விசரே பிடிச்சது?"

"மோட்டார் சைக்கிளை எடும்."

"ஏன்?"

"இதில ஏத்தும்."

நெல்லில் செருப்போடு கால் வைத்த பிள்ளைகளை அடித்த மனிதர். என்னுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த அடியை இன்னும் மறக்கவில்லை. அந்த மனிதர் குனிந்து நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, ஓரத்துக்குப் போய் நின்று, ஏற்று என்கிறார்.

"ஏலாது," என்றேன். உண்மையாகவே முடியவில்லை.

"மண்ணில பழகினால் மண்ணிலதான் வரும். நெல்லைக் கண்டால்தானே உமக்குக் கை போகுது? அப்ப நெல்லிலதான் பழகவேணும். பிறகு கோழி தின்னட்டும், இல்லாட்டிப் புடைச்சு எடுப்பம். ஏத்தும்."

ஏற்றினேன். முதல் முறை நெல்லைக் கண்டதும் கை இறுக்கிவிட்டது. சில்லு இழுபட்டது, காலை ஊன்றித் தப்பினேன். "கையைப் பிடிச்சிட்டீர். சில்லு உரஞ்சிற சத்தம் கேட்டது," என்றார் அவர். இரண்டாவது முறையும் அப்படித்தான். பிறகு ஒன்று செய்தேன். நெல் வருவதற்கு நன்றாக முன்னாலேயே காலால் வேகத்தைக் குறைத்துவிட்டு, விரல்கள் நான்கையும் கைபிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டேன். நெல்லுக்குள் போன பிறகு ஒன்றையும் தொடவில்லை. நேராகப் போனேன். மோட்டார் சைக்கிள் கொஞ்சம் ஆடியது, ஆனால் மறுபக்கம் வந்துவிட்டது.

"இப்பச் சரி. இன்னொருக்கா," என்றார்.

வெயில் ஏறும்வரை ஓடினேன். ஒழுங்கையால் போன சனம் நின்று வேடிக்கை பார்த்தது. புருஷனும் பெண்சாதியும் காலங்காத்தால நெல்லைக் கொட்டி அதில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறார்கள் என்றால் ஆர்தான் நிற்க மாட்டார்கள்? எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

கடைசியாக அவருக்கு முன்னால் நிறுத்தினேன். "என்ர பாடம் முடிஞ்சுது. இனி உங்கட பாடம். முன்னால என்ன வருது எண்டு நான் சொல்லிக்கொண்டு வருவன். பள்ளம், மாடு, லொறி, எல்லாம் சொல்லுவன். நான் சொல்லாததை நீங்கள் சொல்லக்கூடாது. வாய் மூடி இருக்க ஏலுமோ?"

"பாப்பம்," என்றார். பிறகு, "வயலுக்குப் போவம். வெட்டுற நாளையும் பாத்திட்டு, குத்தகைக் கதைக்கும் ஒரு முடிவு சொல்லிப்போட்டு வருவம். இண்டைக்கும் நான் கத்தினால், வயலைக் குடுத்திடுவம்," என்றார்.

ஹெல்மெற்றைப் போட்டுவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை, அவர் குறுக்கே பேசாமல் இருந்ததும் இல்லை. "வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கத்தால போறன். முன்னால சைக்கிள், ஒரு பிள்ளை. கடந்திட்டன். மதகு வருது, குலுக்கும்." அவர் கைகள் பின் கம்பியில் இறுகியிருந்தன. மதகில் குலுக்கியபோது ஒரு மூச்சு விட்டார். சத்தம் வரவில்லை.

அதே இடம் வந்தது. அதே பெண், அதே விறாண்டி. இந்த முறை அவள் வீதியின் இரண்டு பக்கமும் நெல்லைப் பரப்பியிருந்தாள். ஓரத்தாலும் வழியில்லை. ஏனடி ஆத்தை, இண்டைக்குப் பாத்தோ, என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

"நெல்லு வருது," என்றேன். "முழு றோட்டுக்கும் கிடக்குது. ஏத்தப் போறன்."

பின்னால் பேச்சில்லை. காலால் குறைத்தேன். விரல்களை மடக்கினேன். ஒரு கை பின் கம்பியை விட்டு என் தோளுக்கு வந்தது. குத்தவில்லை, இறுக்கவும் இல்லை, சும்மா வந்து இருந்தது. சில்லு நெல்லில் ஏறியது. மொறுமொறு என்று சத்தம். மோட்டார் சைக்கிள் ஒரு தரம் நெளிந்து நேரானது. நான் ஒன்றையும் பிடிக்கவில்லை. அந்த மொறுமொறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு வெறும் தார் வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெற்றுக்குள் ஆருக்குத் தெரியப்போகிறது? அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கெட்டிக்காரி என்று சொன்னாலும் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை.

"நிப்பாட்டும்," என்றார்.

பயந்துபோய் காலால் பிரேக்கை அமத்தி நிறுத்தினேன். "என்ன? என்ன செய்யுது?"

"நெல்லு நல்லாக் காஞ்சிட்டுது. சத்தம் கேக்கேல்லையே? இனியும் வெயிலில விட்டால் குத்தேக்க அரிசி உடையும். அந்தப் பிள்ளையிட்டச் சொல்லும், இண்டைக்கே அள்ளட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் விறாண்டியோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மறுபடி விழப்போகிறோம் என்று நினைத்திருப்பாள் போல, ஒரு கால் முன்னுக்கு வைத்தபடி இருந்தது.

"தங்கச்சி! நெல்லு காஞ்சிட்டுதாம்! இண்டைக்கே அள்ளட்டாம்!" என்று கத்தினேன்.

"யாருக்கா சொன்னது?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"கமக்காரர் சொல்லுறார்," என்றேன்.